செட்டியார் தெரு: கொழும்புத் தமிழரின் பழைய முகவரி

கொழும்புப் புறக்கோட்டையின் பிரதான வீதி, கெய்மன் கேட் எனப்படும் பழைய வாயிற்பகுதியை நெருங்கி, 1873ஆம் ஆண்டில் எழுந்த பழைய நகர மண்டபத்தருகே முடிவுறும் இடத்திலிருந்து, துறைமுகக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் ஒடுங்கிய நீண்ட தெருவே அரச ஆவணங்களில் சீ ஸ்ட்ரீட் என்றும், சிங்களத்தில் ஹெட்டி வீதிய என்றும், தமிழர் வழக்கில் செட்டியார் தெரு என்றும் அறியப்படுவதாகும். இன்று கொழும்பு 11 என்னும் அஞ்சல் வட்டத்துக்குள் அடங்கும் இத்தெரு, வடக்கே ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை ஆகிய பகுதிகளைத் தொட்டுக் கொட்டாஞ்சேனையோடு கலந்துவிடுவதால், புறக்கோட்டையின் வணிகத்துக்கும் கொட்டாஞ்சேனையின் குடியிருப்புக்கும் இடைப்பட்ட கழுத்தாக அமைந்துள்ளது. இரு மருங்கிலும் நகைக்கடைகள் நெருங்கி நிற்க, இடையிடையே கோபுரங்கள் தலைகாட்டும் இந்தத் தெருவுக்கு நகை வாங்க வருவோர் பலர். இலங்கைத் தமிழரின் பொதுவாழ்வு உருவான இடங்களுள் ஒன்றாக இதை எண்ணி நடப்போர் மிகச் சிலர்.

கொழும்புத் தமிழர் என்றவுடன் வெள்ளவத்தையை நினைப்பதே இன்றைய வழக்கம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளும், அடுக்குமாடிகளும், அதிகாலையிலேயே திறந்துவிடும் சைவ உணவகங்களும் கொண்ட அந்தப் பகுதி தமிழ்க் குடியிருப்பாகப் பெருகியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நிகழ்வாகும். அதற்கு முந்திய நூற்றாண்டில் தமிழர் கொழும்புக்கு வந்திறங்கிய இடமும், வீடு கட்டிய இடமும், கோயில் எழுப்பிய இடமும் செட்டியார் தெருவும் அதைச் சூழ்ந்த கொட்டாஞ்சேனையுமே. இந்த வரிசையை மறந்துவிட்டால் கொழும்புத் தமிழர் நேற்று வந்த விருந்தினர் என்னும் பொய்க்கு இடமுண்டாகும் என்பதால், தெருவின் கதையை அதன் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியுள்ளது.

ஒல்லாந்தர் காலத்தில் கோட்டை என்பது அரணுக்குள் அடங்கிய அரச நகரமாகவும், அதன் கிழக்கே அரணுக்கு வெளியே பரந்திருந்த பகுதி மக்கள் குடியிருந்த பழைய நகரமாகவும் பிரிந்திருந்தன. அந்த வெளிநகரின் மேட்டில் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம், சிலுவை வடிவத் தரையமைப்பும் தடித்த சுவர்களும் கொண்டு இன்றும் நிற்கிறது. அக்காலத்திலேயே இப்பகுதியில் வாழ்ந்தவர்களுள் கொழும்புச் செட்டிகள் என்னும் சமூகத்தாரும் அடங்குவர். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்து நிலைத்து, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆட்சிகளில் பெரும்பாலும் கிறிஸ்தவம் தழுவி, நாளடைவில் தனியொரு சமூகமாக உருவான இவர்களையும், 19ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரையும் ஒன்றெனக் கொள்ளுதல் பலர் செய்யும் பிழையாகும். முன்னவர் குடும்பத்தோடு தங்கி இந்நாட்டவராயினர். பின்னவர் குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டு, தொழிலை மட்டும் கடல்கடந்து நடத்தினர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, கற்பிட்டியில் பிறந்தவராயினும், முன்னைய சமூகத்தின் அறிவு மரபுக்கு உயர்ந்த சான்றாவார்.

தெருவின் மிகப் புகழ்பெற்ற வீடு வணிகரின் வீடன்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வீடு. பருத்தித்துறைப் பகுதியிலிருந்து இளமையிலேயே கொழும்புக்கு வந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி (1783–1836), ஆங்கிலக் கல்வி பெற்று, ஆளுநரின் தமிழ் மொழிபெயர்ப்பு முதலியாராக உயர்ந்தார். முதலியார் என்பது இங்கே சாதிப் பெயரன்று; ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் இடையே நின்று பணியாற்றிய உள்நாட்டு அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட பதவிப் பெயராகும். கண்டியின் இறுதி அரச மரபினர் நாயக்கர் வழியினராய்த் தமிழ் பேசியமையாலும், வடக்கும் கிழக்கும் தமிழிலேயே ஆளப்பட வேண்டியிருந்தமையாலும், தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்ற ஒருவரின்றி ஆங்கிலேயரின் ஆட்சி ஓர் அடியும் நகர்ந்திராது. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் விளைவாக 1833இல் உருவான சட்டநிரூபண சபையில் தமிழரின் முதற் பிரதிநிதியாக நியமனம் பெற்றவரும் அவரே.

அவருடைய மகன் முத்துக்குமாரசுவாமி (1834–1879), தந்தையின் பணியை வேறொரு தளத்துக்கு உயர்த்தினார். தந்தை அரசாணைகளை மொழிபெயர்த்தார். மகன் பண்பாட்டை மொழிபெயர்த்தார். அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்து ஆங்கில நாடகமாக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டதோடு, பாளி மொழியிலுள்ள தாதாவம்சத்தையும் சுத்த நிபாதத்தின் பகுதிகளையும் 1874இல் ஆங்கிலத்தில் தந்தார். சைவத் தமிழர் ஒருவர் பௌத்தத்தின் புனித நூல்களை மேலைநாட்டவருக்கு எடுத்துச் சொல்லும் பணியில் முன்னோடியாக நின்றார் என்பது, பின்னர் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றோடு சேர்த்து எண்ணும்போது நெஞ்சைத் தொடும் செய்தியாகும். இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி, 1874இல் சேர் பட்டமும் பெற்ற அவர், ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத் பீபியை மணந்து கொள்ளுப்பிட்டியில் வாழ்ந்தார். அங்கே 1877 ஆகஸ்ட் 22இல் பிறந்தவரே கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி. மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1879 மே மாதத்தில், தந்தை மறைந்தார்.

குமாரசுவாமி முதலியாரின் மகள் செல்லாச்சி அம்மாளை மணந்தவர் அருணாசலம் பொன்னம்பல முதலியார். இவர்களுக்குக் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என மூன்று புதல்வர். இவர்களுள் இரண்டாமவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன், தாய்வழிப் பாட்டனாரின் செட்டியார் தெரு இல்லத்தில் 1851 ஏப்ரல் 16ஆம் நாள் பிறந்தார். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் அவர் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரியும், திருநெல்வேலியில் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியும் அவரை வடக்கின் மகனாகவே மக்கள் மனத்தில் நிறுத்திவிட்டன. ஆனால் அவர் பிறந்ததும், அரசியல் செய்ததும், நீதிமன்றத்தில் வாதாடியதும் கொழும்பில்தான். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி மறைந்தபோது வெற்றிடமான சட்டநிரூபண சபைத் தமிழர் ஆசனத்துக்குக் கிறிஸ்தோபர் பிரிட்டோவும் இராமநாதனும் போட்டியாளராயினர். நல்லூர் ஆறுமுக நாவலர், தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1879இல், யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனை ஆதரித்தார். நியமனம் இராமநாதனுக்கே கிடைத்தது.

இந்த இடத்தில் தெருவை விட்டு வடகிழக்கே சிறிது தூரம் நடந்தால் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமய விகாரையை அடையலாம். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவருடன் நிகழ்ந்த பெருவாதத்தில் பௌத்தத்தின் குரலாக விளங்கிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்த விகாரை இது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, இவ்விகாரையை நோக்கி வந்த பௌத்தப் பெரகராவுக்கும் புனித லூசியாள் தேவாலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கொட்டாஞ்சேனைக் கலவரம், பௌத்தர்களின் குறைகளை அரசின் முன் கொண்டுசென்றது. அதன் தொடர்ச்சியாக வெசாக் நாள் 1885இல் அரச விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பௌத்தக் கொடி இவ்விகாரையில் ஏற்றப்பட்டது. வெசாக் விடுமுறைக்காகச் சட்டநிரூபண சபையின் உள்ளிருந்து உழைத்தவர், சில தெருக்கள் தள்ளிப் பிறந்த சைவரான இராமநாதன். அயல் வீட்டாரின் சமயத்தை அறிந்து வளர்வது கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான குடியிருப்பில் இயல்பு; அந்த இயல்பு அவருடைய அரசியலிலும் படிந்திருந்தது என்று கருத இடமுண்டு.

1911இல் படித்த இலங்கையருக்கென முதன்முறையாகத் தேர்தல் ஆசனம் ஒன்று ஏற்பட்டபோது, மூவாயிரத்துக்கும் குறைவான வாக்காளரைக் கொண்ட அத்தொகுதியில் சிங்களரான மருத்துவர் மார்க்கஸ் பெர்னாண்டோவை இராமநாதன் வென்றார். இன வேறுபாடு கடந்த பொற்காலத்தின் அடையாளமாக இதைப் பலர் எடுத்துக் காட்டுவர். உயர்சாதிச் சிங்களர் பலர், தம் இனத்தவரேயாயினும் கரையோரச் சாதியினரான ஒருவரைவிட வேளாளத் தமிழரே மேலென எண்ணி வாக்களித்தனர் என்னும் வரலாற்றாசிரியர் கூற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமை பெறும். 1915இல் சிங்களர்–முஸ்லிம் கலவரத்தை ஒடுக்க ஆங்கிலேயர் படைத்துறைச் சட்டத்தை ஏவிச் சிங்களத் தலைவர்களைச் சிறையிட்டபோது, இராமநாதன் சபையில் நீண்ட உரைகளாற்றி அக்கொடுமையை வெளிப்படுத்தினார். அதற்காகச் சிங்கள மக்கள் அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றது பலரும் அறிந்தது. முஸ்லிம் மக்களின் துயரை அவ்வுரைகள் எவ்வளவு குறைவாக எண்ணின என்பதும், பின்னர் டொனமூர் ஆணைக்குழு 1928இல் பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை அவர் கடுமையாக எதிர்த்தார் என்பதும் அதே அளவு சொல்லப்பட வேண்டியவை.

இளையவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) வேறு வார்ப்பினர். கேம்பிரிட்ஜில் கற்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவையில் தேர்வு வழியாக நுழைந்த முதல் இலங்கையராகிய அவர், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அதன் அறிக்கையை நாட்டின் மக்கள், சமயங்கள், மொழிகள் பற்றிய ஓர் அறிவுக் களஞ்சியமாகவே எழுதினார். 1906இல் இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டி இயக்கம் தொடங்கினார். தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் கண்டார். 1919இல் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும் ஆனார். கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகக் கொடுக்கப்பட்ட உறுதி காற்றில் விடப்பட்டதும், 1921இல் மனம் நொந்து காங்கிரசை விட்டு விலகினார். கொழும்பில் தமிழருக்குரிய இடம் எது என்னும் கேள்வியே இலங்கையின் முதல் தேசிய அமைப்பை உடைத்த கேள்வி என்பதை, இத்தெருவில் நிற்கும்போது இன்னும் கூர்மையாக உணரலாம். 1924 ஜனவரி 9ஆம் நாள், தலயாத்திரையின்போது மதுரையில் அவர் மறைந்தார்.

மூத்தவரான பொ. குமாரசுவாமியும் சபை உறுப்பினராக இருந்தவர். மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கியபோது, நகரத்து இந்துக்களின் சார்பில் அவரை வரவேற்றவர் இவரே. அந்த வருகையின் விளைவுகளுள் ஒன்றாக 1902இல் தோன்றிய விவேகானந்த சபை இன்றும் கொட்டாஞ்சேனைப் பகுதியின் விவேகானந்த மேட்டில் இயங்குகிறது. கதர் நிதி திரட்ட 1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகளையும் கொழும்பு இந்துக்களின் சார்பில் இச்சபை வரவேற்றது.

செல்வம் பெருகியதும் பொன்னம்பல முதலியார் குடும்பம் தெருவை விட்டது. கறுவாத் தோட்டம் குடியிருப்பாக மாறிய காலத்தில் இராமநாதன் வார்ட் பிளேசில் சுகஸ்தானையும், அருணாசலம் ஹோட்டன் பிளேசில் பொன்கிளாரையும் இல்லங்களாக்கிக் கொண்டனர். ஆயினும் கோயிலை அவர்கள் விட்டுப் போகவில்லை. தந்தையார் கொச்சிக்கடையில் எழுப்பிய சிவன் கோயிலை, 1907 முதல் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் திருப்பி எடுப்பித்து 1912இல் குடமுழுக்குச் செய்வித்தார். தந்தையின் பெயர் தாங்கிய அந்தப் பொன்னம்பலவாணேசுவரம், தூண்களின் வேலைப்பாட்டாலும், சுண்ணமோ வண்ணமோ பூசப்படாத கல்லின் கம்பீரத்தாலும் கொழும்பின் மிகச் சிறந்த சைவக் கட்டடமாகும். அதன் அயலிலேயே, நாற்சமயத்தாரும் நேர்த்தி வைக்கும் புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டினிடையே குண்டு வெடித்துப் பலர், அவர்களுள் தமிழர் மிகப் பலர், உயிரிழந்த இடம் அது. அக்கோயிலுக்கும் இத்திருத்தலத்துக்கும் ஒரே நாளில் சென்று விளக்கேற்றும் குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் இன்றும் உண்டு.

தெருவுக்குப் பெயர் தந்தவர்களின் கதை வேறு வகையானது. நகரத்தார் இங்கே வீட்டுக்காரராக வாழவில்லை, கிட்டங்கிக்காரராக வாழ்ந்தனர். கிட்டங்கி என்பது பண்டகசாலை, தொழிற்கூடம், தங்குமிடம் ஆகிய மூன்றும் ஒன்றாயமைந்த நீண்ட கட்டடம். தரையில் பாய் விரித்து, முன்னே கைப்பெட்டி வைத்து, ஒவ்வொரு விலாசத்தாரும் தத்தம் இடத்தில் அமர்ந்திருப்பர். விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த தொழிற்பெயர். செட்டிநாட்டிலுள்ள முதலாளியின் சார்பில் மேலாள் எனப்படும் முகவர் மூன்றாண்டுக் கணக்குக்கு வந்து, கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார். வட்டி விகிதத்தை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைக்காமல், கோயிலில் கூடி நடப்பு வட்டியாக நிர்ணயிப்பதும், கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கை மகமையாகக் கோயிலுக்கு ஒதுக்குவதும் அவர்தம் மரபு. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்னும் இரு கோயில்களும் இத்தெருவில் எழுந்து நிலைத்தது அம்மரபின் பயனே.

ஆங்கில வங்கிகள் இலங்கையரை நேரில் நம்பிக் கடன் கொடுக்கவில்லை. சராப்பு எனப்பட்ட உத்தரவாதக்காரரின் பொறுப்பில் செட்டியாருக்கு அவை கொடுத்தன. செட்டியார் அதைச் சிறு வணிகருக்கும், தென்னந்தோட்டக்காரருக்கும், கறுவாக்காட்டுச் சொந்தக்காரருக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தார். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்து, 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது உள்ளூர்த் தொழில் உயிர் பிழைத்ததில் இத்தெருவின் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1925இல் செட்டியார் நிறுவனமொன்று நொடித்ததைத் தொடர்ந்து வங்கிகள் கடனை இறுக்கவும், செட்டியார்கள் தாம் கொடுத்ததைத் திரும்பக் கேட்கவும், ஈடு வைத்த காணிகள் கைமாறின. செட்டியார் என்றால் ஈவிரக்கமற்ற வட்டிக்காரர் என்னும் படிமம் சிங்களரிடையேயும் தமிழரிடையேயும் ஆழப் பதிந்த காலம் அது. அந்தக் காலத்தின் துன்பம் உண்மையானது. எனினும், கடன் தர மறுத்த வங்கிகளின் பிழையைக் கடன் தந்தவர் தலையில் கட்டுதல் நேர்மையாகாது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் அமர்ந்த வங்கி ஆணைக்குழு அக்குறையைச் சுட்டிக்காட்டியதன் வழியாகவே 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அவ்வங்கியோடும், சுதந்திரத்துக்குப் பின்வந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களோடும் செட்டியார் காலம் முடிவுற்றது. ஆவணிப்பட்டியைச் சேர்ந்த பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் 6ஆம் நாள் தொடங்கிய வீரகேசரி நாளிதழ், செட்டிநாட்டு முதலில் கிளைத்துக் கொழும்பிலேயே நிலைத்துவிட்ட அரிய பயனாகும்.

தெருவை நகரின் தென்பகுதியோடு பிணைத்தது ஆடிவேல் விழா. கதிர்காமத் திருவிழாவுக்கு யாத்திரிகர் திரளாகச் செல்வதால் கொள்ளைநோய் பரவுகிறதென்று ஆங்கில அரசு கட்டுப்பாடு விதித்த 1870களில், அத்திருவிழாவைக் கொழும்பிலேயே எடுக்கும் வழக்கம் உருவாயிற்று என்பர். செட்டியார் தெருவிலிருந்து வேலைத் தாங்கிய வெள்ளித் தேர், காளைகள் இழுக்க, கோட்டையையும் காலிமுகத் திடலையும் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கோயிலை அடைந்து, சில நாள் தங்கித் திரும்பும். கரும்பும் கச்சானும் விற்கும் கடைகள் வழிநெடுகக் கூட, சிங்களச் சிறுவரும் பறங்கியரும் முஸ்லிம்களும் வேடிக்கை பார்க்கத் திரண்ட அவ்விழா நகரம் முழுவதற்கும் சொந்தமாயிருந்தது. 1983 ஜூலை வன்செயலில் புறக்கோட்டைக் கடைகளும் வெள்ளவத்தை வீடுகளும் எரிந்த பின்னர்ப் பல ஆண்டுகள் தேர் வீதிக்கு வரவில்லை. மீண்டும் வரத் தொடங்கியபோது பார்த்து நின்ற கூட்டம் பழைய கூட்டமாயில்லை.

தேர் தங்கும் பம்பலப்பிட்டிக்கு அப்பால் வெள்ளவத்தை தொடங்குகிறது. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் முன்னின்ற வேலைநிறுத்தத்தால் புகழ்பெற்ற நூற்பு, நெசவு ஆலையே அக்காலத்தில் அப்பகுதியின் அடையாளம். இராமகிருஷ்ண மிசன், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஆகியவற்றோடு அது படிப்படியாகத் தமிழ்க் கல்வியாளரும் அரச ஊழியரும் விரும்பும் இடமாயிற்று. 1983க்குப் பின்னர், அதிலும் குறிப்பாக 1990களில், போரால் பெயர்ந்த வடபுலத்துக் குடும்பங்கள் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணத்தோடு இங்கே வந்து தங்க, மாடிகள் உயர்ந்தன. செட்டியார் தெரு முதலியாரையும் மேலாளையும் ஏற்றது வேலை தேடி வந்தவராக. வெள்ளவத்தை ஏற்றது உயிர் காக்க வந்தவரை.

இன்று செட்டியார் தெருவில் கைப்பெட்டிகள் இல்லை. கண்ணாடிப் பேழைகள் உள்ளன. மாடிகளிலும் பின்கட்டுகளிலும் பத்தர்மார் ஊதுகுழலும் சிறு சுத்தியலுமாய் வேலை செய்கின்றனர். வெள்ளவத்தையிலேயே நகைக்கடைகள் பெருகிவிட்டபோதிலும், தாலிக்கொடி எடுக்க நல்ல நாள் பார்த்து இத்தெருவுக்கு வருவதே பல குடும்பங்களின் வழக்கமாக நீடிக்கிறது. 22 கரட் தங்கம் பவுண் ஒன்றுக்கு இன்ன விலை என்று நாடு முழுவதும் நாளிதழ்களும் வானொலிகளும் அறிவிக்கும்போது, அவை எடுத்துச் சொல்வது கொழும்புச் செட்டியார் தெருவின் விலையையே.